சிவப்பு வராத திரை

ஜமுனாமரத்தூரில் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் வடிவமைத்துத் தரும் கடை வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்குப் போட்ட சிவப்பு, திரையில் மண் நிறமாகத் தெரிந்தது. மானிட்டர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ அமைப்பை அணைத்தேன். கை தவறி கலர் ஃபில்டர் எதையாவது போட்டுவிட்டேனோ என்று தேடினேன்; இல்லை. திரைக்கான டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். கேபிளை மாற்றினேன். கடைசியில் ஆலங்காயத்து நண்பரிடம் ஒரு மானிட்டரை இரவல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தபடி மலையேறி வந்தேன். அதிலும் அதே மண்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சிவப்பு நல்லாத்தானே கீது? இன்னாத்துக்கு ரெண்டு டிவியப் போட்டு உருட்டிக்கினு இருக்கீங்க?"

"உனக்குச் சிவப்பாவா தெரியுது?"

அவள் காய்கறிப் பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துத் திரையருகே பிடித்தாள். "இது இன்னா கலரு?"

பார்த்தேன். தக்காளியும் மண்ணாகத்தான் இருந்தது. அவள் கை மெல்லக் கீழே இறங்கியது.

வேலூரில் கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கண் நரம்பு வாடிப் போச்சுங்க. போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம். அதுவும் உறுதியா சொல்ல முடியல."

கணினியில் பார்வை குறைந்தவர்களுக்கென்று இருக்கும், அதுவரை நான் திறந்தே பார்க்காத அணுகல் வசதிகள் பக்கம் அதன் பிறகுதான் எனக்குப் பழக்கமானது. கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து. விரல் பருமனுக்கு அம்புக்குறி. உருப்பெருக்கி. சில வாரம் ஓடியது, பிறகு அதுவும் போதவில்லை. திரையை வாசித்துக் காட்டும் குரலைப் போட்டேன். நான் காலமெல்லாம் தமிழ் அடித்தது, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பழைய எழுத்துருவில். அந்தக் குரலுக்கு அது தமிழே இல்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையை ஆங்கில எழுத்துகளின் குப்பையாக ஒப்பித்தது. கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

இப்போது வண்ணம் பார்ப்பது மனைவிதான். புதிதாக வருகிறவர்கள் என்னிடமே கேட்கிறார்கள்: "இந்தப் பச்சை எடுப்பா இருக்குமா சார்?" எந்தப் பச்சை என்று எனக்குத் தெரியாது.

நேற்று ஒரு பெயரைச் சரிபார்க்க எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். திரை முழுக்க ஒரே எழுத்து நிற்கும்வரை பெரிதாக்கினாள்.

"இன்னும் பண்ணட்டுமா?"

"வேணாம், நீயே படி" என்றேன்.