அடிக்கு ஒரு காரணம்

நான் கதை எழுதக் கற்றுக்கொண்டது விருத்தாசலத்தில், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கதைப் பட்டறை நடக்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள். பீங்கான் பொம்மைக் கம்பெனியில் பொம்மைக்குக் கண் வரைந்துகொண்டிருந்தேன். பெண்டாட்டி வாத்தியார்களோடு உட்காருவது என் புருஷனுக்குப் பெருமை. அவனே பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். அடித்த மறுநாள்கூட இறக்கிவிட்டிருக்கிறான்.

அடிப்பான் என்றால் சண்டை போட்டு அடிப்பதில்லை. வேலை முடிந்து வருவான், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான், அடிப்பான், பிறகு டீ கேட்பான். எதற்கு அடித்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கருவேப்பிலங்குறிச்சியில் இருந்த அண்ணனிடம் சொல்லி அழுதேன். "காரணமில்லாம எவனும் கை வைக்க மாட்டான். அப்படி வச்சான்னா சொல்லு, அன்னிக்கே வண்டி எடுத்தாந்து நம்ம வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினேன்.

இதைத்தான் முதல் கதையாக எழுதினேன். ஆணி, சட்டை, டீ எல்லாம் அப்படியே, பெயர் மட்டும் வேறு. பட்டறையில் ஒரு விதி உண்டு. கதையை வாசித்தவர் அதன் பிறகு வாயைத் திறக்கக் கூடாது, மற்றவர்கள்தான் பேசுவார்கள். எனக்கு அது கஷ்டமாக இல்லை, வீட்டில் நல்ல பழக்கம்.

"நம்புற மாதிரி இல்லீங்க" என்றார் பேங்கில் வேலை பார்த்தவர். "சும்மா வந்து அடிப்பானா ஒரு மனுசன்?"

பக்கத்திலிருந்த டீச்சரம்மா, "நானும் பொம்பளதான் சொல்றேன். அவ ஏதாச்சும் பேசியிருப்பா. அத நீங்க எழுதாம விட்டுட்டீங்க" என்றாள்.

பட்டறையை நடத்திய கல்லூரி ஆசிரியர் தீர்ப்புச் சொன்னார்: "விவரமெல்லாம் பிரமாதம், அதுல கை வைக்காதீங்க. அவனுக்கு ஒரு காரணம் மட்டும் குடுங்க."

முதுகைத் திறந்து காட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் எழுத்தாளர் ஆகவேண்டும் என்ற ஆசை, அந்தச் சனியன் விட்டால்தானே.

காரணம் தேடினேன், கிடைக்கவில்லை, உண்டாக்கினேன். கதையில் அவள் அவனுடைய சிநேகிதர்கள் முன்னால், "இந்தச் சம்பாத்தியத்துக்கு மீசை ஒரு கேடு" என்கிறாள். என் ஆயுசில் நான் சொல்லாத வார்த்தை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாவது இருந்திருக்கும். அடுத்த மாதம் வாசித்தபோது கைதட்டினார்கள். "இப்பத்தான் அவன் மனுசனா ஆயிருக்கான்" என்றார் பேங்க்காரர். ஒரு சிற்றிதழில் அச்சாகியும் வந்தது. என் புருஷன் நாலைந்து பிரதி வாங்கி டீக்கடையில் காட்டிக்கொண்டு திரிந்தான். அங்கே யாரோ அவனுக்கு அதைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவன் ஒரு பிரதியைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

மழைக்காலத்தில் ஒருநாள் காது அடைத்துப்போகும்படி அறைந்தான். காயின் பாக்ஸிலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். மறுநாள் காலையிலேயே வேனோடு வந்துவிட்டார். வந்ததும் என் பையை வாங்கி வண்டியில் வைத்தார். எனக்கு அப்போதே உயிர் வந்துவிட்டது.

"வாங்க மச்சான்" என்று நாற்காலி போட்டான் அவன். இதழை எடுத்து நீட்டினான். "ஒங்க தங்கச்சி எழுதுனதுதான். படிச்சிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

அண்ணன் நிதானமாக, கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"இப்படியா பேசுன?" என்றார் என்னிடம்.

"அது கதைண்ணே. நான் சொல்லவே இல்ல."

"ஆணி இருக்குது, சட்ட தொங்குது. அதெல்லாம் நெசம், இது மட்டும் பொய்யா?"

பட்டறையில் அப்படி எழுதச் சொன்னாங்க என்றேன். சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது. அண்ணன் இதழை மடித்து அவனிடமே கொடுத்தார்.

"என் பொண்டாட்டி இப்படிச் சொல்லியிருந்தா நானும் அடிச்சிருப்பேன் மாப்ள" என்றார். என்னைப் பார்க்கவில்லை. வேனிலிருந்து என் பையை இறக்கி வாசலில் வைத்தார். அவன் வண்டி வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.