பஸ்ஸுக்கு ஒரு வாசல்

கல்யாணமான புதிதில் என் வீடு ஒரு பழைய பஸ். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஜன்னலுக்கு ஒரு மலை தெரிந்த வீடு அவர்களில் யாருக்கு வாய்த்தது?

என் வீட்டுக்காரர் ஆயில் எஞ்சின் பிட்டர். மதுரைக் கம்பெனி ஒன்று விற்ற எஞ்சின்களைக் கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய், கிணற்றில் மாட்டி, தண்ணீர் இறைக்க வைப்பது அவருடைய வேலை. கமலையில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்து, பயிர் வளர்த்துச் சலித்த சம்சாரிகள் எஞ்சின் என்றதும் ஆலாய்ப் பறந்த காலம் அது. தளவாடங்களை ஏற்றிக்கொண்டு திரிய, ஓடித் தேய்ந்த பஸ் ஒன்றைக் கம்பெனி கொடுத்திருந்தது. ஒரு கிணற்றில் ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் அடுத்த ஊர். அந்த பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டு, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்.

"மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறேன். நீ உங்கப்பா வீட்டுலயே இரு" என்றார்.

"அதுக்கு எதுக்குத் தாலி கட்டுனீக? நானும் பஸ்ஸுக்கே வாரேன்" என்றேன்.

அப்பாவுக்கு வந்ததே கோபம்! தேனிப் பக்கம் நாலு பேர் மதிக்கிற சம்சாரி அவர். "வண்டியில குடும்பம் நடத்தப் போறியா? நாளைக்கு மொதப் பொங்கல் வரும். வாசல் இல்லாத வீட்டுக்குச் சீரக் கொண்டாந்து எங்கன எறக்குறது? சக்கரத்து மேலயா? வாசல்னு ஒண்ணு இருந்தா வாரேன். இல்லாட்டி வர மாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகளுக்கு முதல் பொங்கல் சீர் வரவில்லை என்றால் பிறந்த வீடு கைகழுவிவிட்டது என்றுதான் எங்கள் பக்கம் பேசுவார்கள். அப்பாவோ சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. அந்தப் பிடிவாதம் எனக்கும் கொஞ்சம் உண்டு. துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஏறியதும் கவலையெல்லாம் எங்கே போயிற்றோ! இரண்டு சீட்டுகளை ஒட்டிப் பலகை போட்டால் கட்டில். கூரைக் கம்பியில் கொக்கி போட்டுச் சட்டி, கரண்டி, அரிக்கேன் விளக்கு எல்லாவற்றையும் தொங்கவிட்டேன். வண்டி கிளம்பினால் அத்தனையும் சேர்ந்து ஒரு மேளக் கச்சேரி வைக்கும். ஓடும்போது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஹாரனின் ரப்பர் பந்தை அமுக்குவது என் பொறுப்பு. ஆடு வந்தாலும் அமுக்குவேன், ஆள் வந்தாலும் அமுக்குவேன், ஒன்றும் வராவிட்டாலும் அமுக்குவேன். "கையி சும்மா இருக்காதா?" என்பார். இருக்காது. காலையில் கண் விழித்தால் ஒரு ஊரில் மேகமலை இடதுபக்க ஜன்னலில் இருக்கும், அடுத்த ஊரில் வலதுபக்கம் வந்துவிடும். எனக்கு அது ஓயாத ஆச்சரியம்.

முதலில் நின்றது சின்னமனூரை ஒட்டிய ஒரு தோட்டம். மார்கழி பிறந்திருந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் விடியுமுன்னே கோலம் போடும்போது நான் மட்டும் சும்மா இருப்பதா? பஸ்ஸின் பின்பக்கப் படிக்கு எதிரே முள்ளையும் கல்லையும் பொறுக்கி எறிந்தேன். தரையைக் கொத்திச் சமன் செய்து, சாணி மெழுகி, காவி இழுத்து, பெரிய கோலமாகப் போட்டேன். நடுவில் சாணி உருண்டை, அதன்மேல் பூசணிப்பூ. படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன்.

அவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார். "பத்து நாள்ல கெளம்பப் போறோம். இதுக்குப் போயி இம்புட்டுப் பாடா?"

"கெளம்புற அன்னைக்குக் கெளம்புவோம். இன்னைக்கு இதுதான் எனக்கு வாசல்."

அன்றைக்கே தேனிக்குப் போகிற சர்வீஸ் பஸ் டிரைவரிடம், 'சின்னமனூரில் இருக்கிறோம், எனக்கு வாசல் இருக்கிறது' என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அப்புறம் சொல்லி அனுப்பவில்லை. உத்தமபாளையம் போனோம், அங்கே ஒரு வாசல் மெழுகினேன். கோம்பை போனோம், அங்கேயும் மெழுகினேன். பொங்கல் நெருங்க நெருங்க, பாதையில் எந்த மாட்டுவண்டி வந்தாலும் எட்டிப் பார்ப்பேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேவாரத்திலிருந்து ஒரு சம்சாரி வேர்க்க விறுவிறுக்க வந்தார். எஞ்சின் நின்றுவிட்டது, வெங்காயம் வாடுகிறது, உடனே வர வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். இன்னும் தள்ளிப் போனால் அப்பா எங்கே வந்து தேடுவார்? அழுகை முட்டியது. ஆனால் அந்த மனிதர் நின்ற நிலையைப் பார்க்க முடியவில்லை.

"ஹாண்டிலப் போட்டு வண்டியக் கெளப்புங்க, போவோம்" என்றேன். "கோலத்த மிதிக்காம எடுங்க." அன்றைக்கு ஹாரனை நான் தொடவில்லை.

பொங்கலன்று தேவாரத்தில் விடியுமுன்பே வாசல் மெழுகிவிட்டேன். அதுவரை போட்டதிலேயே பெரிய கோலம் அதுதான். தோட்டக்காரர் வீட்டம்மா வந்து, "எங்க வாசல்ல வந்து பொங்கு ஆத்தா, அங்கன எல்லாரும் இருக்கோம்" என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். "எனக்கு வாசல் இருக்குக்கா" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, மேகமலைக்கு மேலே சூரியன் ஏறிக்கொண்டே போனது. அடுப்பைப் பற்ற வைக்க எனக்குக் கை வரவில்லை.

"நல்ல நேரம் போகுது. நம்ம பானையவே ஏத்து" என்றார் அவர், மெதுவாக.

நான் தீக்குச்சியைக் கிழித்தேன். அப்போது வேலிக்கு மேலே கரும்புத் தோகை ஆடிக்கொண்டு வந்தது! அதன் பின்னாலேயே எங்கள் வீட்டு மயிலைக் காளையின் கழுத்துமணிச் சத்தம். தீக்குச்சி விரலைச் சுட்டதுகூடத் தெரியவில்லை. வண்டியிலிருந்து அப்பா இறங்கினார். தலை, மீசை எல்லாம் புழுதி. கோலத்துக்கு வெளியிலேயே நின்றுகொண்டு முதலில் கோலத்தைப் பார்த்தார், பிறகு மஞ்சள் பூசிய படியை, கடைசியாக என்னை.

"ஏ ஆத்தா, என்ன கூத்து இது! சின்னமனூர்ல வாசல் கெடக்கு, உத்தமபாளையத்துல வாசல் கெடக்கு, கோம்பையில வாசல் கெடக்கு. ஒண்ணுலயும் வீட்டக் காணோம்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் வண்டியிலிருந்து புதுப் பானையை எடுத்து, இரண்டு கையாலும் கோலத்தின் நடுவில் வைத்தார். மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், பூசணிக்காய் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் கரும்புக் கட்டு. அது மட்டும் தளர்ந்து சிறுத்திருந்தது.

"இம்புட்டுதானாப்பா கரும்பு?" என்று நான் சீண்டினேன்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வழியில ஒவ்வொரு வாசல்லயும் ஒரு கரும்ப வச்சிட்டு வந்தேன் ஆத்தா. மக வாசல வெறுங்கையோட எப்பிடித் தாண்டுறது?"