ஸ்டேஷன் மாஸ்டர் பலகை தேடுகிறார்

என் அக்கா புருஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்டேஷன் மாஸ்டர். அவரிடம் ஒரு பொம்மை எஞ்சின், நாலு பெட்டி, கொஞ்சம் தண்டவாளம் இருந்தன. எல்லாம் டப்பாவுக்குள்ளேயே. ஓடவிட வேண்டுமென்றால் அடியில் ஒரு பலகை வேண்டும். எந்தப் பலகை என்று முடிவு செய்வதிலேயே மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது. மின்விசிறித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. நாளெல்லாம் சரியில்லை என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவர், வீட்டுக்கு வந்து மட்டும் சரி என்று சொல்லிவிடுவாரா?

இந்தக் கூத்துக்காக வீட்டிலேயே வெளிச்சமான அறையை வளைத்துப் போட்டிருந்தார். அக்கா தையல் வேலை செய்கிறவள். துணி வெட்டுவது படுக்கையறைத் தரையில், மண்டியிட்டு. அந்த அறையைக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ரயில் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அவள் எழுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அத்தானுக்கு எரியாது. அவருக்குப் பலகைக் கவலை. ப்ளைவுட்டில் ஆணி இறங்கவில்லை. எஞ்சின் ஓடினால் கடகடவென்று சத்தம் வேறு வருமாம். மரத்தூள் பலகையை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, ஊதிவிட்டது பார் என்று சந்தோஷமாகக் காட்டினார். தெர்மோகோல் கை வைத்ததும் நொறுங்கியது. ஒவ்வொன்றின்மீதும் காதை வைத்துப் படுத்து, விரலால் தட்டிக் கேட்பார். நான் போனால் என்னையும் படுக்க வைப்பார்.

கடைசியில் நாலு கால் வைத்து மேஜை உயரத்துக்கு ப்ளைவுட் போட்டு, அதன்மேல் நோட்டீஸ் பலகைக்குப் போடுகிற மெத்தென்ற சாஃப்ட்போர்டு ஒட்டினார். சத்தம் அடங்கியது. ஆணி சுளுவாக இறங்கி அசையாமல் நின்றது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. மனிதர் இடிந்துபோனார். தண்டவாளத்தை டப்பாவிலிருந்து எடுக்கச் சொன்னால், பசை காயட்டும், பசை காயட்டும் என்று மழுப்பிக்கொண்டே திரிந்தார். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

ஒரு நாள் அவர் வேலை முடிந்து வந்தபோது, அக்கா அந்தப் பலகைமேல் துணி விரித்து, குண்டூசி குத்தி, நிமிர்ந்து நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். தையல் மிஷினும் அறைக்குள் வந்திருந்தது. தூக்கி வைத்தது நான்தான். சண்டை பார்க்கலாம் என்று அங்கேயே நின்றேன்.

"இனிமே இந்த ரூமும் பலகையும் எனக்குத்தான்" என்றாள் அக்கா, கத்தரியை நிறுத்தாமல்.

அத்தான் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தவரின் நிம்மதிதான் வந்தது.

"அப்போ நான் வேற பலகை பார்க்கணுமே" என்றார்.

சட்டையைக்கூட மாற்றாமல் கடைக்குக் கிளம்பிவிட்டார்.