கயல்விழியின் அண்ணன்

சபாபதிக்குக் கை நடுங்காது என்பது சிதம்பரம் மேல வீதியில் பங்கு வாங்கி விற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு துணிக்கடையின் மாடியில் அவன் அலுவலகம். கையில் இல்லாத பங்கை இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, விலை சரிந்ததும் மலிவாக வாங்கிக் கணக்கை முடிப்பது அவனுக்குப் பிடித்த ஆட்டம். ஏதாவது ஒரு கம்பெனி விழுந்தால் போதும், அவனுக்கு அன்று தீபாவளி. கூடப் படித்த அருள்மொழி, கடனுக்காக அவனிடம் அடமானம் வைத்திருந்த தன் பங்குகளை இரண்டு நாள் விற்காமல் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒருமுறை வந்து கெஞ்சினான். சபாபதி அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான். அவன் டீயைக் குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் விற்றுத் தள்ளிவிட்டான்.

இந்தக் கதையெல்லாம் தங்கை கயல்விழிக்கும் தெரியும். அதை அவள் திறமை என்றுதான் நினைத்திருந்தாள். மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு போட்டு நொடித்துப்போன அப்பா இறந்தபோது அவள் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. அவளைக் கணக்கு டீச்சராக்கியதும் அண்ணன்தான், கடலூர் முதுநகரில் ரசாயன ஆலையில் வேலை பார்த்த அன்புமணிக்குக் கட்டிவைத்ததும் அண்ணன்தான். பள்ளியில் யார் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவள் கடைசியில் அண்ணன் பெருமையில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள்.

அன்றைக்குப் பள்ளியில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. போனை ஓய்வறையில் வைத்துவிட்டு மேற்பார்வைக்குப் போயிருந்தாள். ஜன்னல் கண்ணாடிகள் ஒரு முறை அதிர்ந்தன. பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். சற்று நேரத்தில் ஆலைப் பக்கத்திலிருந்து மஞ்சளாகப் புகை எழும்பியது. கயல்விழி விடைத்தாள்களைப் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

ஆலையில் இரண்டு பேர் செத்துப்போயிருந்தார்கள். அதில் ஒருவர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்துகொண்டிருந்த ஆண்டி. உள்ளே மாட்டிக்கொண்ட இன்னொரு தொழிலாளியை இழுக்கப் போய், இருவருமே திரும்பவில்லை. ஆண்டியைப் பிடிக்கப் போன அன்புமணிக்கு இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன.

அவள் புதுச்சேரியில் இருந்த பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது சபாபதி அங்கே முன்கூட்டியே வந்து நின்றான். முன்பணம் கட்டியாகிவிட்டது, தனி அறை பிடித்தாகிவிட்டது.

"பணத்தப் பத்தி நெனக்காத கயலு. எவ்ளோ ஆனாலும் நான் பாத்துக்கறேன். இன்னிக்கி வந்ததே ஜாஸ்தி" என்றான்.

அவள் அப்போது அழுதுகொண்டிருந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

மூன்றாம் நாள்தான் அன்புமணிக்குப் பேச்சு வந்தது. கட்டுப்போட்ட கைகளைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி அவளுக்குப் புரியவில்லை.

"மச்சான் யாருகிட்ட சொன்னாரு? ஏன் வண்டி வரவேயில்ல?"

"எந்த வண்டி?"

அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். காலையிலேயே இரண்டாவது யூனிட்டில் சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மேனேஜர், வெளியே மூச்சு விடாதே, தானாக இறங்கிவிடும் என்றிருக்கிறார். முன்பு ஒரு தடவை அன்புமணியே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தும், வந்த வண்டியை வாசலிலேயே ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்த முறை மேலிடத்திலிருந்து யாராவது சொன்னால்தான் நடக்கும் என்று சபாபதியைக் கூப்பிட்டிருக்கிறான். சபாபதி தினமும் இறகுப்பந்து விளையாடுவது மாவட்டத்தின் பெரிய அதிகாரி ஒருவரோடு.

"யூனிட் வெடிச்சிடும் போல இருக்கு மச்சான், அவரு ஒரு வார்த்த சொன்னா கேட்டத் தெறந்துடுவாங்கன்னேன். சரி மாப்ள, நீ வை, நான் பாத்துக்கறேன்னாரு. அதுக்கப்புறம் அரைமணி நேரம் நான் கேட்டயே பாத்துகிட்டு நின்னேன்."

கயல்விழிக்கு முதல் நாள் அண்ணன் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. இன்றைக்கு வந்ததே ஜாஸ்தி. எங்கிருந்து வந்தது? அந்த ஆலையின் பங்கு சந்தையில் இருப்பது அவளுக்குத் தெரியும். கணவனிடம் எதுவும் சொல்லாமல் எழுந்து சிதம்பரம் பஸ் ஏறினாள்.

சபாபதி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வா, உக்காரு. மாப்ள எப்படி இருக்காரு?" என்றான்.

"அவுரு போன் பண்ணப்ப நீ யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லல."

அவன் மழுப்புவான், போன் கிடைக்கவில்லை என்பான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவன் மழுப்பவில்லை.

"வித்தியா?"

"வித்தேன். வண்டி போயி நின்னா டிவியில வந்துடும். வெல எறங்கினப்புறம் நான் எத விக்கிறது? எனக்குக் கொஞ்ச நேரம் தேவப்பட்டுது."

"ரெண்டு பேரு செத்துட்டாங்கண்ணா. அதுல ஒருத்தர் ஆண்டி. அவுரு நம்ம வீட்டுக்கு மீன் கொண்டாந்து குடுப்பாரு."

"நான் போன் பண்ணியிருந்தா மட்டும் வெடிக்காமயா இருந்திருக்கும்? நான் கொளுத்தல கயலு. நடக்கப்போறது எனக்கு முன்னாடி தெரிஞ்சுது, அவ்ளோதான். அந்தக் காசுலதான் உன் புருஷன் ஏசி ரூம்ல படுத்திருக்காரு."

அவள் எழுந்தாள். "நான் போயி எல்லாத்தையும் சொல்லப்போறேன்."

முதல்முறையாக அவன் திரும்பிப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை. "சொல்லு. ஆனா கம்பெனி ரகசியத்த எனக்குச் சொன்னது யாருன்னு கேப்பான். விசாரணைன்னு வந்தா வித்தவன் மட்டும் இல்ல, சொன்னவனும் மாட்டுவான். யோசிச்சுக்க."

திரும்பும் பஸ்ஸில் பரங்கிப்பேட்டை பிரிவு வரை அவளுக்கு அழுகைதான் வந்தது. அதற்கப்புறம் அது நின்றுவிட்டது. படிப்பு, கல்யாணம், தாலிச் செயின் என்று அண்ணன் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதுவும் பொய்யில்லை. எல்லாம் அன்பாகச் செய்ததுதான். ஆனால் அருள்மொழிக்கு வாங்கிக் கொடுத்த டீயும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்புமணியிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள், அவன்மேல் வழக்கு வரலாம் என்பதையும் சேர்த்து.

"நான் தீயணைப்பு வண்டி வரணும்னுதான் மச்சானுக்குப் போன் பண்ணேன். அதச் சொல்றதுக்கு எனக்கின்னா பயம்? நீ எழுது. கையெழுத்துதான் போட முடியாது, கால் கட்டவிரல் ரேக எடுத்துக்க."

மறுநாளே தனி அறையைக் காலி செய்து அவனை அரசு மருத்துவமனைக்கு மாற்றினாள். சபாபதி கட்டிய முன்பணத்தில் மிச்சத்தை அவன் பெயருக்கே திருப்பி அனுப்பச் செய்தாள். செலவான பாகத்துக்குத் தாலிச் செயினைக் கழற்றி விற்று, அந்தப் பணத்தையும் அவனுக்கே அனுப்பிவிட்டு, மஞ்சள் கயிற்றோடு பள்ளிக்குப் போனாள்.

அடுத்து அவள் போனது தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆண்டியின் மனைவி ராசம்மாளின் வீட்டுக்கு. அங்கே போவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னாள்.

"உங்கண்ணன்னு சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள் ராசம்மாள். "ஏன் சொன்ன?"

"உங்க பேர்லயும் ஒரு மனு போடணும். நான் மட்டும் சொன்னா குடும்பச் சண்டைன்னு சொல்லிடுவாங்க."

ராசம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து புடவை மாற்றினாள். "எந்த ஆபீசு? நட."

அன்று தொடங்கிய நடை இரண்டு வருஷத்துக்கு ஓயவில்லை. காவல் நிலையம், ஆட்சியர் அலுவலகம், சென்னையில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அலுவலகம் என்று இருவரும் சேர்ந்தே போனார்கள். உறவுக்காரர்கள் கயல்விழியை நன்றி கெட்டவள் என்றார்கள். அன்புமணியை இரண்டு நாள் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். உதவி கேட்டுத்தான் பேசினான் என்பது தெளிந்து அவனை விட்டுவிட்டார்கள்.

சபாபதி அன்று சம்பாதித்தது முழுவதும் பறிமுதல் ஆயிற்று, அபராதமும் விழுந்தது. சந்தையில் வாங்கவோ விற்கவோ கூடாது என்று சில ஆண்டுகள் தடை வந்தது. தடையையெல்லாம் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொருவன் பெயரில் கணக்குத் தொடங்கி அதே மாடியில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, கயல்விழி அதற்கும் ஒரு மனு எழுதிப்போட்டாள். அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு மட்டும் எந்தப் பிரிவிலும் தண்டனை கிடையாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆலையின் மேனேஜர் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பெண்களும் முன்வரிசையில் போய் உட்காருகிறார்கள்.

போன தை மாதம் கயல்விழியின் மகள் இலக்கியாவுக்கு மஞ்சள் நீராட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை, அழைக்காமலேயே சபாபதி காரில் வந்து இறங்கினான். பின்னால் பட்டுப்புடவை, நகை, பழம் என்று தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு ஆட்கள் நின்றார்கள். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கயல்விழி மட்டும் கேட் வரை வந்தாள்.

"மாமன் இல்லாம சடங்கா, கயலு?"

"நீ பண்ணது தப்புன்னு இப்பவாவது தோணுதாண்ணா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லலாமா என்று பார்த்திருப்பான் போல. பிறகு, "இல்ல. அந்த எடத்துல யாரா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பான்" என்றான்.

"சரி. அப்ப நீ கெளம்பு."

கேட்டுக்குக் கொக்கி போட்டுவிட்டு அவள் பந்தலுக்குத் திரும்பினாள். காத்துக்கொண்டிருந்த பெண்களிடம் நலங்கை ஆரம்பிக்கச் சொன்னாள். தாய்மாமன் போடவேண்டிய மாலையை யார் போடுவது என்று ஒருத்தி காதோடு கேட்டாள். தழும்பேறிய விரல்கள் இன்னும் சரியாக மடங்காத அன்புமணி, இரண்டு உள்ளங்கைகளாலும் மாலையைத் தாங்கி எடுத்து மகள் கழுத்தில் போட்டான்.