கேம்ப் ரோடு வழியாக மாடம்பாக்கம்: நான் அடித்த ஓர் எண்

அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமை மாடம்பாக்கம் போய்வந்தேன். ஊர் சுற்ற அல்ல. நான் மருத்துவம் இறுதியாண்டு. இலங்கையிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களின் மனநலத்துக்கு எப்படித் துணை நிற்பது என்று எங்களில் பத்துப் பேருக்குப் பயிற்சி. இரண்டு நாள் வகுப்பு, பிறகு வீடு தேடிப் போக வேண்டும். அடுத்துப் போகிற ஜூனியர்களே, நான் சறுக்கிய இடத்தில் நீங்களும் சறுக்க வேண்டாம்.

கிழக்குத் தாம்பரத்தில் காலை 9.10க்கு ஷேர் ஆட்டோ. சேலையூர் கேம்ப் ரோடு வழியாக ஆறு கிலோமீட்டர், முப்பது ரூபாய். (சில்லறை முக்கியம். ஐந்நூறை நீட்டினால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.) முகவரியைச் சொன்னதும் ஓட்டுநர் அண்ணா, "சிலோன்காரம்மா வூடா? டெய்லி சாயங்காலம் கேம்ப் ரோடு ஸ்டாப்புல நின்னுகினு கீதும்மா. எந்த பஸ்லயும் ஏறாது," என்றார். காதில் வாங்கினேன், மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. கவனமெல்லாம் கையிலிருந்த படிவத்தில்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வருஷக்கணக்காகச் சரியான தூக்கமில்லை. தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் அவர், கணவர், மகள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். நாலு என்றார், எழுதினேன். பிறகு எண்ணிப் பார்த்தால் மூன்று. கேஸ் ஷீட்டில் தப்பு வந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வார்டில் எங்களுக்குப் பழக்கியது அது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலை அடித்து மூன்று என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன், மகராசி!

அதோடு அவர் பேச்சு நின்றது. மகள்தான் வாசல்வரை வந்து விஷயத்தைச் சொன்னாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய அண்ணன் கேம்ப் ரோட்டில் பஸ் ஏறிப் போனான். எங்கோ போய்ப் படகேறினான் என்று கேள்வி, அதற்குமேல் தகவல் இல்லை. கணக்கெடுக்க வருகிறவர்கள்கூட அம்மா எதிரில் அந்தப் பெயரில் கை வைப்பதில்லையாம். தாம்பரம் வரும்வரை ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன்.

பயிற்சி கொடுத்த மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படிவம் இல்லாமல் போய் மன்னிப்புக் கேள் என்றார்.

மறு சனிக்கிழமை மத்தியானம் போய்க் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"நீங்கள் டொக்டர், பிள்ளை. நீங்களே வெட்டிப் போட்டியள். இனி ஆரைப் பாத்து நிக்கிறது? ஒரு கிழமையா நான் பஸ்ஸுக்குப் போகேல்லை."

திரும்ப நாலு என்று எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். டீ மட்டும் போட்டுக் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். கொடுக்கிற டீயை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆட்டோக்காரர் சொல்வதையும் கேளுங்கள். முதல் நாள் பேனா பைக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு எழுதும்போது, அவர்கள் சொல்கிற எண் தப்பாகவே இருந்தாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நம் கணக்கு எங்கும் ஓடிவிடாது.

அன்று திரும்பும்போது ஐந்தரைக்குக் கேம்ப் ரோட்டிலேயே இறங்கினேன். ஆறே முக்கால் வரை ஸ்டாப்பில் நின்றேன். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை.