எரிந்தால்தான் மருந்தா?

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். சொல்ல வந்ததைப் பாதியில் மறந்துவிட்டு வேறெங்கோ போய்விடுவேன் — வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல.

இந்த வாரம் மிளகு எண்ணெய்.

மிளகு எண்ணெய் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நல்லெண்ணெயில் நாலு மிளகைப் பொரித்து, ஆறியதும் தலையில் வைத்துத் தேய்ப்போமே... அதுதானே? எனக்கும் அதுதான். என் மருமகள் ஜெனிஃபர் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கறுத்த பாட்டிலைக் காட்டி, "பெப்பர் ஆயில், அத்தை" என்றபோது, "இத்துனூண்டு உச்சந்தலைக்கே பத்தாதேம்மா" என்றேன்.

சிரிக்கச் சிரிக்க விளக்கினாள். இது காய்ச்சுவது இல்லையாம். மிளகை ஆவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்து இறக்குவதாம். வாசனை ஏறி வந்துவிடும். மிளகின் காரம் பின்னாலேயே தங்கிவிடும். பேர்தான் எண்ணெய். ஆனால் அத்தனை வாசனையும் ஒரு சொட்டுக்குள் அடங்கியிருப்பதால், அப்படியே தோலில் வைக்கக் கூடாது. ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சொட்டு, மிஞ்சிப்போனால் இரண்டு. பிடிப்புக்கு, மரத்துப்போன காலுக்கு, வயிற்று மந்தத்துக்கு மேலோடு தடவுவார்களாம். இதமாகச் சூடு பரவும். உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது.

ஜெனி தி.நகரில், வாசனை எண்ணெய் தேய்த்துவிடுகிற ஓர் அரோமாதெரபி நிலையத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள். போன மாதம்தான் எங்கள் வீட்டு முன் ரூமிலேயே, பெண்களுக்கு மட்டும் என்று சொந்தமாக ஆரம்பித்தாள். பெசன்ட் நகரில், ஊரூர் குப்பத்துக்குப் போகிற சந்து. ஒரு பெஞ்ச், ஒரு திரை, நாலு பாட்டில். வாசலில் ஒரு செருப்புகூட விழவில்லை. "இந்த மாசம் பாப்போம் அத்தை. இல்லாட்டி தி.நகருக்கே திரும்பிப் போயிடறேன்" என்றாள். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் தேசம்மா வந்தாள். குப்பத்து முனையில் மீன் விற்கிறவள். ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கித் தோள் போய்விட்டது. தேசம்மா நல்லது என்று சொன்னால் அந்த ரோடே நல்லது என்று சொல்லும். உதட்டைப் பிதுக்கினால்... முடிந்தது கதை.

ஜெனி கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். அலர்ஜி உண்டா, மாத்திரை சாப்பிடறீங்களா, மாசமா இருக்கீங்களா.

"என் பேரன் இஸ்கூல் போறான். என்னாண்ட போய் மாசமான்னு கேக்குற. வாய்ல சக்கர போடு."

"எல்லார்கிட்டயும் கேக்கணும்க்கா."

முதல் நாள், கலந்த எண்ணெயை முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு மட்டும் வைத்து, நாளைக்கு வாங்க என்று அனுப்பினாள். "கருவாடா நானு, ஒரு நாள் காய வெச்சி பாக்க?" என்று முனகிக்கொண்டே தேசம்மா போனாள். தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஜெனி கலந்து தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் தேசம்மா, "இன்னா ஜெனி, மொளகுன்ற, எரியவே இல்ல. எரிஞ்சாத்தான கேக்கும்?" என்றாள்.

"எரியக் கூடாதுக்கா."

"வலி எலும்புக்குள்ள கீது. நீ மேலால தடவிக்கினு கீற."

ஜெனி சுடுதண்ணீர்த் துண்டு எடுக்க உள்ளே போனாள். தேசம்மா அந்தக் கறுத்த பாட்டிலை எடுத்து அப்படியே உள்ளங்கையில் கவிழ்த்துத் தோளில் பரபரவென்று தேய்த்துக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. மீன் அரிந்து அரிந்து கையெல்லாம் கீறல். தோள் ஒரு பக்கம் எரிய, கை ஒரு பக்கம் எரிய... "யம்மாடி" என்று எழுந்துவிட்டாள். நான் சொம்புத் தண்ணீரோடு ஓடினேன்.

"தண்ணி வேணாம் அத்தை, முதல்ல எண்ணெய்" என்று ஜெனி தடுத்தாள். வெறும் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தோய்த்துத் தோளையும் கையையும் துடைத்துத் துடைத்து எடுத்தாள். "கைய கண்ணுகிட்ட கொண்டுபோகாதீங்க" என்றாள். பிறகுதான் சோப்பும் தண்ணீரும்.

எரிச்சல் கொஞ்சம் தணிந்ததும் தேசம்மா சொன்னாள்: "இப்பத்தான் மருந்து வேல செய்யுது. அடுத்த தபா இப்பிடியே போடு. நம்ம ரோட்டையே இட்டாறேன்."

நான் ஜெனியைப் பார்த்தேன். தலையாட்டிவிட்டால் போதுமே. கூட்டம் வந்துவிடும்.

ஜெனி தலையாட்டவில்லை. "அது மருந்து வேலை செய்யறது இல்லக்கா. உங்க தோலு திட்டுது. சிவப்பு போற வரைக்கும் இங்க வராதீங்க. ரெண்டு நாள்ல போகலன்னா, கொப்புளம் வந்தா, டாக்டர்கிட்ட காட்டுங்க. எரியற மாதிரி நான் யாருக்கும் போட மாட்டேன்."

"வராதன்னு சொல்ற கடைய இப்பத்தான் பாக்குறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை ஜெனி பாட்டில்களைத் துடைத்து மூடி இறுக்கி எடுத்துவைத்தாள்.

மறுநாள் காலை மீன் வாங்கப் போனேன். அவள் கண்ணில் படாமல் இருக்கவேண்டுமே என்று இறால் கூடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். ஒதுங்கினால் என்ன, அவள் குரல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கிற குரல். தோளைக் காட்டிப் பக்கத்துக் கடைக்காரிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நானே ஊத்திக்கினேன், செவந்துபோச்சி. ஜெனி இன்னா சொல்லுச்சி தெரியுமா? ஆறுற வரைக்கும் வராதன்ட்டுச்சி. வேற ஒருத்தியா இருந்தா இன்னும் ரெண்டு சொட்டு ஊத்தி அனுப்புவா. இந்தப் பொண்ணாண்ட பயப்படாம தோள குடுக்கலாம்."

"எரியுமா?" என்றாள் ஒருத்தி.

"எரிஞ்சா தப்புடி. அதான் கணக்கே. ஒரு குண்டான் எண்ணெய்க்கு ஒரே சொட்டு."

அன்று மதியம் வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. ஜெனி ஒவ்வொருத்தரையும் உட்காரவைத்து அதே கேள்விகளைக் கேட்டாள், அதே பொட்டு வைத்தாள், நாளைக்கு வாங்க என்றாள். நான் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். குழம்பு அடிப்பிடித்தது. பிடிக்கட்டும்.

ஆனால் பாருங்கள், டீஸ்பூன் ஒரே நாளில் குண்டான் ஆகிவிட்டது. நான் எழுதியதும் அப்படித் திரிந்திருக்கலாம். கர்ப்பிணி, குழந்தை, புண் உள்ள தோல் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றாள் ஜெனி; பழைய பாட்டில் தோலை அரிக்கும், மூடி இறுக்கி வெயில் படாமல் வைக்கவேண்டும் என்றாள்... இன்னும் ஏதோ ஒன்று சொன்னாள். படித்தவர்கள் யாராவது சொட்டுக் கணக்கையும் மற்றதையும் ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லுங்கள்.

மருமகளைப் பற்றி எழுதியதை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அதில் நான் ஒரு சொட்டுகூடக் கலக்கவில்லை.