சீருடைப் பகை

என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம் அது. ஆமத்தூரில் எங்கள் வீடு. விருதுநகர் போகிற சாலையில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் அவள் படித்தாள். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கும் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிறேன். அன்றும் அதே வேலைதான்.

சுற்றுச்சூழல் தின விழாவில் பேச அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 'இருப்பதைப் பயன்படுத்துவோம்' என்பது தலைப்பு. பேச்சை அவளே எழுதினாள். நான் பாத்திரம் கழுவும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நின்று பேசிப் பார்ப்பாள். விழா அன்று லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைப் படியில் கால் வைத்தவளைத் தாளாளரின் மனைவி கையை நீட்டி நிறுத்தினார். பள்ளியில் சீருடை விற்பது அவர் பொறுப்பு. எல்லோரும் அவரை மேடம் என்போம். அந்த வருடம் பாவாடைத் துணியின் கட்டத்தை மாற்றியிருந்தார்கள். என் மகள் போட்டிருந்தது போன வருடத்துப் பாவாடை. கீழ் மடிப்பைப் பிரித்து நான்தான் நீளமாக்கியிருந்தேன். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுக்காத கோடு ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

"பழச மாட்டிக்கிட்டு ஸ்டேஜ்ல ஏறுவியாக்கும்? போட்டோ எடுக்குறாக. போய் உக்காரு."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். சில பெற்றோர்களும் சிரித்தார்கள். என் மகள் கையிலிருந்த தாளை வாங்கி வேறொரு பிள்ளையிடம் கொடுத்தார்கள். 'பழையதைத் தூக்கி எறியாதீர்கள்' என்று அந்தப் பிள்ளை வாசித்து முடித்ததும் முதலில் கைதட்டியது மேடம்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் அழவில்லை. "நீ ஏம்மா வந்த?" என்று மட்டும் கேட்டாள்.

"விட்டுரு. பிள்ள அங்கனதான படிக்கணும்," என்றார் என் வீட்டுக்காரர். விட்டதுபோல இருந்தேன். புதுக் கட்டம் போட்ட பாவாடையை மேடத்திடமே போய் வாங்கினேன். வேறெங்கும் அது கிடைக்காது. துணியை அவர் மேசைமேல் தள்ளிய விதத்தைப் பார்த்துக்கொண்டே, இந்தம்மாவுக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று யோசித்தேன். அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்த மே மாதம் வரை காத்திருந்தேன். மே மாதத்தில்தான் சீருடை விற்பனை. பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். போன வருடத்துத் துணி கிழியாமலே தரை துடைக்கப் போய்விடும், எல்லோரும் புதிதாக வாங்க வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையைக் கலைத்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பூமியைக் காப்பாற்றுகிற எண்ணமெல்லாம் சத்தியமாக எனக்கு இல்லை.

பக்கத்து வீட்டு மதினி விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். அவர் பிள்ளைகளும் அதே பள்ளிதான். கம்பெனி வேனில் வரும் பெண்களிடமெல்லாம் சொன்னார்: "சின்னதாப் போன துணிய தொவச்சுக் கொண்டாங்க. நம்ம பிள்ளைகளுக்கு ஏத்தத எடுத்துட்டுப் போங்க." அச்சகத்தில் வர்ணம் விலகிப்போன காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நான் நோட்டீஸ் அடித்தேன். முன்பக்கம் லட்சுமி படம் இருந்ததால் ஒருவரும் கசக்கி எறியவில்லை.

விற்பனை தொடங்கிய அன்று காலையில் பள்ளி வாசலுக்கு நேர் எதிரே, பூட்டிக் கிடந்த பட்டறைக் கொட்டகையில் மேசை போட்டோம். இருப்பதில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று அடம்பிடித்த மகளும் கொஞ்ச நேரத்தில் வந்து, டேப்பை எடுத்துப் பிள்ளைகளின் இடுப்பை அளக்க ஆரம்பித்தாள். உள்ளே போகவேண்டிய கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது.

மேடம் சாலையைக் கடந்து வந்தார். "என்னம்மா இது, ஸ்கூல் வாசல்ல? பழைய துணி போட்டு வந்தா உள்ள விடமாட்டோம்."

"இந்த வருசக் கட்டந்தான மேடம். உங்ககிட்ட வாங்குனதுதான். பேட்ஜக்கூடப் பிரிக்கல, பாருங்க."

"அடுத்த வருசம் டிசைனை மாத்திட்டா என்ன செய்வீக?"

"மாத்துங்க. உள்ள இறக்கி வச்சிருக்கிற லோடை நீங்க என்ன செய்வீக?"

அவர் முகம் செத்துப்போனது. நான் அதை நிதானமாக, கண்ணாரப் பார்த்தேன்.

அந்தத் துணி விற்காமல் கிடந்ததால் அவரால் கட்டத்தை மாற்ற முடியவில்லை. மாற்றாததால் ஒவ்வொரு மே மாதமும் எங்கள் மேசைக்குத் துணி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பள்ளியே 'சீருடைப் பரிமாற்ற நாள்' என்று அறிவித்தது. ஒரு பிள்ளைக்குப் பழைய பாவாடையைக் கொடுத்தபடி மேடம் சிரிக்கும் படம் பத்திரிகையில் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பிள்ளைகளுக்கு நல்லதுதான, விடு," என்றார் மதினி. நல்லதுதான். ஆனால் நான் அந்தம்மாவுக்கு நல்ல பேர் வாங்கித்தரவா கொட்டகையில் நின்றேன்?

போன தை மாதம் சிவகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "ஒரு பாவாடைக்கா இம்புட்டு வன்மம் வச்சிருந்தீக?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு வயதாகிவிட்டது. இரக்கம் வருமென்று நினைத்தேன். வரவில்லை.

"பாவாடைக்கு இல்ல மேடம். நீங்க கை தட்டுனீகள்ல, அதுக்கு."

எந்தக் கைதட்டல் என்று அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை. பாயசம் வந்தது, இன்னொரு தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.